மாப்பிள்ளையின் மஞ்சள் வளையம்

ஓடுகிற படகில் ஓர் ஆண்பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, "கழட்டும்! இப்பவே கழட்டும்!" என்று நான் கத்திய கதை எழுவைதீவில் இன்றைக்கும் சிரிப்போடு பேசப்படுகிறது. பேசட்டும். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்கழி மாதம். ஊர்காவற்றுறையில் இருந்து எழுவைதீவுக்குப் போகும் காலைப் படகு. மழை தூறிக்கொண்டிருந்ததால் எல்லோரும் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். எனக்கு எதிரே அன்ரன் என்ற இளம் கடற்றொழிலாளி, ஐஸ் பெட்டியின் மேல் இடது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருந்தான்.

கணுக்காலுக்கு மேலே ஒரு கறுத்தக் கயிறு. அதில் கோத்து ஒரு மஞ்சள் பிளாஸ்ரிக் வளையம், விரலில் போடும் மோதிரத்தை விடக் கொஞ்சம் உயரமானது. வளையத்தில் கறுப்பு எழுத்து. என் கண் தன்பாட்டில் வாசித்தது: ஏ, ஏழு, கே.

என்ரை முருகா! அது மாப்பிள்ளையின் வளையம்.

இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு என் குணம் தெரியும். முதலில் கை போகும், பிறகுதான் புத்தி வரும். தீவுப்பகுதியில் குடும்பநல உத்தியோகத்தராக இருக்கிறவள் நான். பிள்ளைத்தாச்சிகளின் வீங்கிய கால்களை அமத்திப் பார்ப்பது என் அன்றாட வேலை. ஒரு காலைப் பிடிப்பது எனக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. அன்ரன்தான் பாவம், துள்ளி எழும்பித் தலையைக் கூரையில் இடித்துக்கொண்டான்.

"ஐயோ மிஸ், விடுங்கோ! என்ன செய்யிறியள்?"

"உது உமக்கு எங்காலை வந்தது? சொல்லும்! அந்தக் காகம் எங்கை?"

"வலையிலை பட்டுச் செத்துப்போச்சு மிஸ். சத்தியமா. மனிசிதான் எடுத்துக் கட்டிவிட்டவள்."

"கழட்டித் தாரும்."

"கழட்டினால் நான் வீட்டுக்குப் போக ஏலாது. நீங்கள் அவளோடையே கதையுங்கோ."

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் காலை விட்டேன். கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு பறவைக்காகப் பொது இடத்தில் அழுவது அழகில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

குறி சுட்ட காகம்

மாப்பிள்ளை யார் என்று சொல்ல வேண்டும். அது ஒரு கடற்காகம். பெரிய ஜாதி. வெள்ளை உடம்பு, கடுஞ்சாம்பல் முதுகு, மஞ்சள் சொண்டு, கள்ளப் பார்வை. சில வருடங்களாகக் கார்த்திகை மழை தொடங்கியதும் ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு வரும். மீன் வெட்டும் இடத்தில் குடல் பொறுக்கித் தின்னும். பங்குனி வெயில் சுடுவதற்கு முன் போய்விடும்.

என் தொழிலில் பாதி வாழ்க்கை படகுக்குக் காத்திருப்பதில் போகிறது. அப்படிக் காத்திருந்த ஒரு காலையில்தான் அதன் காலில் மஞ்சளாக ஏதோ இருப்பதைக் கண்டேன். சோடாப் போத்தல் மூடியின் வளையம் காலில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். பாவம், கழற்றிவிடுவோம் என்று கையில் ஒரு சூடை மீனோடு அதன் பின்னால் கொஞ்ச நேரம் அலைந்தேன். மீனையும் பறித்துக்கொண்டு என் விரலையும் கொத்திவிட்டுப் போனது.

பறவைகளை எண்ணுவதற்கு யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்த ஒரு பெண் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரித்து முடித்த பிறகுதான் விளக்கினாள். வளையம் வேண்டுமென்றே போட்டது. குஞ்சாக இருக்கும்போது பிடித்துப் போட்டுவிடுவார்கள். அந்த எழுத்தைத் தூரத்தில் இருந்தே வாசிக்கலாம். வாசிக்கிறவர், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், கண்ட இடத்தையும் நாளையும் வளையம் போட்டவர்களுக்கு எழுதிப்போட வேண்டும். அப்படித்தான் ஒரு பறவை எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று தெரியவருகிறதாம்.

எழுதிப்போட்டேன். பதில் வந்தது. வடக்கே, வருடத்தில் பாதி பனியில் மூடிக் கிடக்கும் ஓர் ஆற்றங்கரையில் பிறந்த பறவையாம் அது. பறக்கப் பழக முன்னமே வளையம் போட்டதாம். வாசித்துவிட்டு நான் இறங்குதுறையில் அப்படியே இருந்துவிட்டேன். படகைத் தவறவிட்டேன்.

மீன் வெட்டும் பெண்களிடம் சொன்னபோது அவர்களுக்கு ஆச்சரியமே இல்லை. தீவில் மாட்டுக்குக் குறி சுடுவது வழக்கம். காலில் அடையாளம் என்றால் யாரோ சொந்தக்காரர் இருக்கிறார் என்று அர்த்தம்.

"அப்ப ஆற்றை காகம் இது? சொந்தக்காரர் ஆர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒருத்தற்றையும் இல்லை. அடையாளத்துக்குப் போட்டது."

"ஒருத்தற்றையும் இல்லாததுக்கு ஆர் மினக்கெட்டுக் குறி போடுறது? உங்களுக்கு விசர்."

அவர்கள்தான் அதற்கு வெளிநாட்டு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். வருடத்தில் ஒருமுறை வந்து, மீனாகத் தின்று, எல்லோருக்கும் பவர் காட்டிவிட்டு, வெயில் வந்ததும் சொல்லாமல் போய்விடுகிறதாம். என் பெரியப்பாவின் மருமகனும் அப்படித்தான் என்பதால் நான் மறுத்துப் பேசவில்லை.

பிறகு ஒரு பைனாகுலர் வாங்கினேன். எங்கள் ஊரில் சண்டைக் காலத்தில் அதைக் கையில் வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது என் வயதுக்காரருக்குத் தெரியும். முதல் தடவை அதைத் தூக்கிப் பிடிக்க முன் நாலு பக்கமும் பார்த்தேன். காவலுக்கு நின்ற கடற்படைச் சிங்களப் பொடியன் கிட்டே வந்தான். நான் பைனாகுலரை அவனிடம் நீட்டிக் காகத்தைக் காட்டினேன். பார்த்தான். "மஞ்சள்!" என்றான், அவனுக்குத் தெரிந்த தமிழில். அடுத்த வருடம் நான் போக முன்னமே, "மஞ்சள் வந்தது" என்று அவன்தான் எனக்குச் சொன்னான்.

போன கார்த்திகையிலும் மாப்பிள்ளை வந்தது. பிறகு திடீரென்று காணவில்லை. வேறு கரைக்குப் போயிருக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அன்ரனின் காலைக் கண்டேன்.

பட்டது இல்லை, பிடிச்சது

அடுத்த கிழமை எழுவைதீவில் கிளினிக் நாள். அன்ரனின் மனைவி ஜெசிந்தாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிள்ளை. நல்ல பிள்ளை, சொன்ன சொல் கேட்கிறவள், கிளினிக்குக்கு ஒருநாளும் பிந்தி வராதவள். எனக்கு அவளில் ஒரு தனி விருப்பம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கதிரையில் இருந்து பிஸ்கற் தின்றுகொண்டிருந்தாள். நான் கையில் பட்டியைச் சுற்றிப் பிறசர் பார்க்கத் தொடங்கினேன். கோபப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் கேட்டேன்.

"பிள்ளை, அந்தக் காகம் வலையிலை பட்டதாம். எனக்கு ஒரு சொல் அனுப்பியிருக்கலாமே?"

"பட்டது இல்லை மிஸ். பிடிச்சது."

"என்ன?"

"அவர் பயத்திலை உங்களுக்குப் பொய் சொல்லியிருக்கிறார். நான்தான் பிடிச்சுத் தரச் சொன்னனான். சூடை மீனுக்குள்ளை தூண்டிலை வைச்சுப் போட்டவர். வந்து விழுங்கிச்சுது."

நான் பம்பை அமத்திக்கொண்டே இருந்தேன்.

"வளையம் கழண்டு வரேல்லை. காலை வெட்டித்தான் எடுத்தது. மிஸ், கை இறுக்குது."

காற்றைத் திறந்துவிட்டேன். காதுக்குள் இரைந்தது. ஒரு குழந்தை பால் குடித்த கதையைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அவள் அடுத்த பிஸ்கற்றை எடுத்தாள். அவளுடைய முகத்தில் கள்ளமும் இல்லை, வெட்கமும் இல்லை. அதுதான் என்னை உலுப்பியது.

"ஏன் பிள்ளை? ஏன் அப்பிடிச் செய்தனீர்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்ரை அண்ணை கடலுக்குப் போனவன் வரேல்லை மிஸ். வள்ளம் மட்டும்தான் வந்தது. உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். அந்த வெறும் வள்ளத்தை ஊரே பார்த்தது.

"உந்தக் காகம் எவ்வளவு கடல் தாண்டிப் போகுது? போயிட்டுத் திரும்ப அதே இடத்துக்கு வருகுது. துறையிலை எத்தினை ஆயிரம் காகம் நிக்குது, திரும்பி வாறது வளையம் போட்ட அது ஒண்டுதானே? அப்ப அந்த வளையத்திலை என்னவோ இருக்கு."

"மற்றக் காகங்களும் திரும்பித்தான் வருகுது பிள்ளை! அடையாளம் இல்லாதபடியால் எங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான்!"

"தெரியாதுதானே? பிறகென்னண்டு வருகுது எண்டுறியள்?"

நான் பட்டியைக் கழற்றிச் சுருட்டினேன்.

"அன்ரன்ரை கழுத்திலை அந்தோனியார் சுருவம் போட்ட சங்கிலி கிடக்கு. அது போதாதோ?" என்று கேட்டேன்.

"அண்ணையும் அதைப் போட்டுக்கொண்டுதான் போனவன்" என்றாள்.

எனக்கு அழுகை ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். கோபம்தான் வென்றது. "நான் எழுதிப்போடப் போறன். செத்துப்போச்சு எண்டு எழுதுவன். அந்த இலக்கத்தை வளையம் போட்டவை மூடிவிடுவினம். அதோடை உம்மடை வளையத்தின்ரை கதையும் முடிஞ்சுது" என்று சீறினேன்.

அப்போதுதான் ஜெசிந்தா பிஸ்கற்றைக் கீழே வைத்தாள்.

"மிஸ், உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். செத்தது எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. அந்த இலக்கம் இப்ப இவற்றை காலிலை கிடக்கு. இவர் காலமை கடலுக்குப் போயிட்டார்."

"பாப்பம், போம்" என்றேன்.

அவள் போன பிறகு கட்டடத்தின் பின்னால் போய் நின்று, கைத்தொலைபேசியில் எழுதினேன். ஏ, ஏழு, கே. தூண்டிலில் பிடிக்கப்பட்டது. உயிருடன் இல்லை. அனுப்பிவிட்டேன். மனம் ஆறவில்லை.

வாடை

மத்தியானத்துக்குப் பிறகு வாடைக் காற்று எழும்பியது. சொல்லாமல் கொள்ளாமல் எழும்பியது. கடல் கறுத்துப்போய், பனைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. படகு ஓடாது என்றார்கள். நான் எழுவைதீவில் மாட்டிக்கொண்டேன்.

வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு பெண் கூட்டத்தில் இருந்து கழன்று ஓடினாள். பொழுது சாயும் நேரத்தில் கரையில் நின்றவர்கள் எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்ரனும் அவனுடைய கூட்டாளியும் போன வள்ளம் மட்டும்தான் வரவில்லை.

அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன். பிறசர் ஏறியிருந்தது. படகு இல்லை. காற்று இருக்கும்வரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வழியும் இல்லை. இவளுக்கு ஏதும் நடந்தால் என்னிடம் இருக்கிறது ஒரு பையும் இரண்டு கையும்தான்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"மிஸ், எழுதிப்போட்டியளோ?"

"இல்லைப் பிள்ளை" என்றேன்.

"உண்மையா?"

"எனக்கு எங்கை நேரம்? உம்மோடையே மினக்கெட்டுக்கொண்டு நிக்கிறன்."

ஒரு பெருமூச்சு விட்டாள். நான் தேத்தண்ணி வைக்கிற சாட்டில் குசினிக்குள் போனேன். பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். அந்த வடக்கு நாட்டுக்காரர்களின் பதில். தகவலுக்கு நன்றி, வருந்துகிறோம், ஏ ஏழு கே பதிவு முடிக்கப்பட்டது.

எனக்கு இந்த மாதிரிக் கதைகளில் நம்பிக்கை கிடையாது. சாத்திரக்காரரிடம் போய்விட்டு மருந்தை நிறுத்துகிற பெண்களை நான் பேசாத பேச்சில்லை. அப்படிப்பட்ட நான் அந்தக் குசினிக்குள் நின்று, அனுப்பியதைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா என்று தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தேன். கேத்தல் கொதித்து வழிந்தது கூடத் தெரியவில்லை. கடவுளே, இரண்டு ஆண்பிள்ளைகளை நானா எழுதிக் கொன்றேன் என்று ஒரு எண்ணம் வந்தது. அதை நினைத்ததே எனக்குப் பெரிய அதிர்ச்சி.

அந்த இரவை நான் விவரிக்கப் போவதில்லை. ஜெசிந்தா தூங்கினாள், நான் தூங்கவில்லை.

விடிந்ததும் கரையில் சத்தம் கேட்டது. ஓடினோம். அவளை ஓடவேண்டாம் என்று கத்திக்கொண்டே நானும் ஓடினேன். அனலைதீவுக்காரரின் பெரிய வள்ளம் ஒன்று அன்ரனின் வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சின் நின்றுபோய், காற்று தள்ளி, அனலைதீவுக் கரையில் ஒதுங்கியிருக்கிறார்கள். தொலைபேசி தண்ணீரில் போய்விட்டது. இருவரும் குளிரில் விறைத்துப்போய் இருந்தார்கள், ஆனால் முழுதாக இருந்தார்கள்.

அன்ரன் வள்ளத்தின் விளிம்பில் கால் வைத்து இறங்கினான். இடது கால். மஞ்சள் வளையம் ஈரத்தில் மினுங்கியது. ஜெசிந்தா மணலில் குந்தியிருந்து அந்தக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியளே மிஸ்! நீங்கள் எழுதாதபடியால் வந்திட்டார்!"

நின்ற பெண்கள் எல்லோரும் வளையத்தைப் பார்த்தார்கள். சும்மா பார்வை இல்லை. பக்கத்தில் நின்ற ஒருத்தி என் கையைச் சுரண்டி, "மிஸ், வேற வளையம் போட்டது ஏதும் வந்தால் எனக்கு முதல் சொல்லுங்கோ. இவரும் உந்தக் கடலுக்குத்தானே போறவர்" என்றாள்.

இனிச் சும்மா இருந்தால் இந்தக் கரைக்கு வரும் ஒரு பறவையும் தப்பாது. ஜெசிந்தாவின் பிறசரைத் திரும்பப் பார்த்தேன். இறங்கியிருந்தது. அதன் பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"நான் எழுதினனான். இவர் கடலிலை நிக்கேக்கையே எழுதினனான். செத்துப்போச்சு எண்டு எழுதி, அவையும் அந்த இலக்கத்தை மூடிப்போட்டினம். இந்தா பாருங்கோ பதில். இவர் அப்பிடியிருந்தும் வந்திட்டார். எஞ்சின் நிண்டது, காத்துத் தள்ளினது, அனலைதீவார் இழுத்தந்தவை. வளையத்திலை ஒண்டும் இல்லை. ஒண்டுமே இல்லை!"

ஜெசிந்தா வாய் திறந்தபடி என்னைப் பார்த்தாள். அன்ரனின் காலைப் பார்த்தாள். எனக்கு அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மாதாவே! செத்தது எண்டு எழுதியும் கொண்டந்து சேர்த்துப்போட்டுதே! அப்ப அதின்ரை சக்தியை யோசிச்சுப் பாருங்கோவன்!"

கரை முழுக்க, "ஓம், ஓம்" என்றது.

இந்தக் கார்த்திகை

ஜெசிந்தாவுக்குப் பெண்குழந்தை. நல்ல நிறை, நல்ல குரல். என் கோபம் அந்தக் குழந்தையைத் தூக்கியதோடு பாதி போய்விட்டது. மீதி அப்படியே இருக்கிறது. அன்ரனின் காலில் வளையமும் அப்படியே இருக்கிறது.

இந்த வருடம் மழை தொடங்கியதில் இருந்து படகில் ஏறும் பெண்கள், சுகம் கேட்பதற்கு முன் என்னிடம் ஒன்றைக் கேட்கிறார்கள். "மிஸ், இந்த முறை ஏதும் வளையத்தோடை வந்திருக்கோ?" பைனாகுலரை வீட்டில் வைத்துவிட்டு வரத் தொடங்கினேன். கண்டதை ஊருக்குச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டவள், இப்போது ஒன்றையும் காணாதவள் போல நடிக்கிறேன்.

போன கிழமை குழந்தைக்கு ஊசி போட ஜெசிந்தா ஊர்காவற்றுறைக்கு வந்திருந்தாள். அதே படகுக்கு இருவரும் காத்திருந்தோம். அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மீன் வெட்டும் இடத்தில் கடற்காகங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவில் ஒன்று, இளம் பறவை, முதுகு இன்னும் மண்ணிறம். திரும்பியது. வலது காலில் வெள்ளை வளையம்.

எழுத்தை வாசிக்கும் அளவுக்குக் கிட்டத்தான் நின்றது. நான் வாசிக்கவில்லை. குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கினேன். பறவைகள் கலையக் கூடாது என்று அந்தத் துறையில் இத்தனை வருடம் பூனை மாதிரி நடந்தவள் நான். எறிந்தேன். "போ! போய்த் துலை!" என்று கத்தினேன். மீன் வெட்டும் பெண்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கூட்டம் முழுவதும் எழும்பிப் பறந்தது. கடல் பக்கமாக ஒரு வட்டம் போட்டது. பிறகு எல்லாம் சிதறிப்போக, அந்த ஒன்று மட்டும் தாழ்ந்து வந்து, முன்பு நின்ற அதே இடத்தில் இறங்கி, குடலைக் கொத்தத் தொடங்கியது.

என் பின்னால் ஜெசிந்தா குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"திரும்பி வந்திட்டுது, மிஸ்" என்றாள்.